வலையின் விலையை யார் கொடுப்பது?

பாக் விரிகுடாவில் வலையில் சிக்கும் ஆவுளியா என்கிற கடற்பசுவுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தாம். அது மீன் இல்லை. நுரையீரலால் மூச்சு விடும் பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை நீருக்கு மேலே நீட்டியாக வேண்டும். செவுள் வலையில் துடுப்போ வாலோ மாட்டி மேலே வர முடியாமல் போனால், கடலிலேயே பிறந்து கடலிலேயே வளர்ந்த அந்த உயிர் கடல் நீரிலேயே மூச்சுத் திணறிச் சாகும். வலைக்காரர் அந்த நேரம் பக்கத்தில் இருந்து, வலையை அறுத்துவிட்டால் பிழைக்கும்.

அறுத்துவிடுவது என்று எழுதுவது எளிது. இருட்டில், ஆடும் படகில், 300, 400 கிலோ எடையுள்ள விலங்கு திமிறிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்ய வேண்டும். வலை நாசமாகும். அன்றைய பாடு போகும். டீசலுக்குச் செலவழித்த பணம் வராது. வலையே கடனில் வாங்கியதாக இருந்தால், அறுபட்ட வலைக்கும் தவணை கட்ட வேண்டும். இத்தனையும் தெரிந்துதான் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளில் மீனவர்கள் வலையை அறுத்து ஆவுளியாக்களை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். வனத்துறையும் அவர்களில் பலரை அழைத்துப் பாராட்டிப் பரிசு கொடுத்திருக்கிறது.

இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகம் தஞ்சாவூரில் இருக்கிறது என்றால், தஞ்சாவூர்க்காரர்களிலேயே பாதிப் பேர் வியப்பார்கள். 2022 செப்டம்பர் 21 அன்று தமிழ்நாடு அரசு அதை அறிவித்தது. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடல். அதற்குள் 12,250 ஹெக்டேரில் கடற்புல் படுகை. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, மணமேல்குடி என்று கரையோரம் நெடுக ஊர்கள். சரபேந்திரராஜன்பட்டினத்தில் இரண்டாம் சரபோஜி 1814-15-இல் கட்டிய மனோராக் கோபுரத்தில் ஏறி நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற நீர்ப்பரப்பு முழுக்க இந்தப் பாதுகாப்பகம்தான்.

நெல்லை வைத்தே தன்னை அளந்துகொண்ட மாவட்டம் இது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா, கல்லணைக் கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா, குறுவை கரையேறுமா, கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனையாமல் தப்புமா என்பதே ஆண்டு முழுவதும் பேச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வயலும் தென்னந்தோப்பும் முடிகிற இடத்தில் இன்னொரு பயிர் நிலம் தொடங்குவதைச் சட்டமன்றத்தில் பேசியவர்களும் குறைவு, உழவர் கூட்டங்களில் பேசியவர்களும் குறைவு. அந்தப் பயிர் கடற்புல். மீனவர்கள் தாழை என்பார்கள். பாசி வேறு, இது வேறு. வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாம் கொண்ட முழுச் செடி. நீருக்குள்ளேயே பூத்து நீருக்குள்ளேயே விதை விடும். இறால் குஞ்சும் நண்டும் மீன் குஞ்சுகளும் வளர்கிற நாற்றங்கால் அதுதான். ஆவுளியா ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை இந்தப் புல்லைத் தின்கிறது. கடலில் வாழும் பாலூட்டிகளில் முழுக்கத் தாவரத்தையே நம்பி வாழ்வது இந்த இனம் ஒன்றுதான். அது மேய்ந்துபோன தடத்தில் புதுத் தளிர் விடும். மேய்ச்சல் நின்றுபோன படுகையில் முதிர்ந்த புல்லே மண்டும்.

நாடு முழுவதும் எஞ்சியிருக்கும் ஆவுளியாக்கள் 240 அளவில் இருக்கலாம் என்று பாதுகாப்பகம் அமையும் நேரத்தில் அரசுத் தரப்பு சொன்னது. அவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக் கடலில். மிச்சம் கட்ச் வளைகுடாவிலும் அந்தமானிலும். பெண் ஆவுளியா குட்டி போடுகிற வயதுக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். சினைக்காலம் ஓராண்டுக்கு மேல். ஒரு பேற்றுக்கு ஒரு குட்டி. குட்டி ஒன்றரை ஆண்டுவரை பால் குடிக்கும். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டு. எல்லாம் நன்றாக நடந்தாலும் ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் இந்த இனம் பெருகாது என்பது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. 70 வயது வரை வாழக்கூடிய விலங்கு என்பதால், வளர்ந்த பெண் ஒன்று வலையில் செத்தால் அதோடு பல குட்டிகளின் பிறப்பும் நின்றுபோகிறது. 200 சொச்சத்தில் ஆண்டுதோறும் இப்படிச் சில பெண்கள் போனாலே போதும், கூட்டம் மெல்லக் கரையத் தொடங்கிவிடும். அதனால்தான் ஒரு மீனவர் ஒரு ராத்திரியில் எடுக்கிற முடிவு இவ்வளவு பெரிதாகிறது.

இந்த முடிவு தானாக வந்துவிடவில்லை. இரண்டு தலைமுறைக்கு முன் இதே கரைகளில் ஆவுளியா இறைச்சி விற்பனைக்கு வந்தது. மாட்டிறைச்சி போலச் சுவை என்றும், மருந்துக்கு ஆகும் என்றும் சொல்லி வாங்கினார்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் இணையாக வைத்தது. கொன்றால் சிறை. ஆனால், அந்தச் சட்டம் மட்டும் தனியாக நின்றபோது கரையில் விளைந்தது மௌனம். தற்செயலாக வலையில் சிக்கிச் செத்த விலங்கைக் கரைக்குக் கொண்டுவந்தால் வழக்கு வருமோ என்று அஞ்சியவர் அதைக் கடலிலேயே விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால், எத்தனை செத்தது, எங்கே செத்தது என்ற கணக்கு யாருக்கும் கிடைக்காது. கணக்கில்லாத இடத்தில் பாதுகாப்புத் திட்டம் போட முடியாது. இந்த மௌனத்தைக் கலைக்கிற வேலையைக் கரையில் வாழ்கிறவர்கள்தாம் செய்ய முடியும்.

ராஜாமடத்துக்கு அருகே வெளிவயலில் இயங்கும் ஓம்கார் அமைப்பு அதைத்தான் செய்தது. கடல்வள ஆய்வாளர் வேதராஜன் பாலாஜி தொடங்கிய சிறிய அமைப்பு அது. தலைநகரில் அலுவலகம் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்துபோகிற அமைப்பு இல்லை என்பதே அதன் முதல் தகுதி. ஊர் ஊராகப் போய், எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் ஆவுளியாவைப் பார்த்தீர்கள், எங்கே தாழை அடர்த்தி, எங்கே அழிந்துபோனது என்று மீனவர்களிடமே கேட்டுக் கேட்டுத் திரட்டினார்கள். நீருக்குள் மூழ்கிப் படுகைகளை அளந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துவந்து அலையாத்தியையும் கடற்புல்லையும் காட்டினார்கள். அப்பா வலையை அறுத்த சேதி வகுப்பறையில் பெருமையாகச் சொல்லப்படுகிற ஊரில் இறைச்சிக் கூறு போடுகிறவருக்கு ஆதரவு இருக்காது.

அழிந்த படுகையில் புல்லைத் திரும்ப வளர்க்க ஓம்கார் வனத்துறையுடன் சேர்ந்து கடைப்பிடிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த மண்ணின் மனிதர்களுக்கு அது உடனே புரியும். மூங்கில் கழிகளைச் சதுரச் சட்டமாகக் கட்டுகிறார்கள். சட்டத்தின் குறுக்கும் நெடுக்கும் தேங்காய் நார்க் கயிறு. ஆரோக்கியமான படுகையிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தண்டோடு எடுத்த புல்லைக் கயிற்றில் வரிசையாகக் கட்டி, சட்டத்தை ஆழம் குறைந்த கடலடியில் இறக்கி அசையாமல் பதிக்கிறார்கள். புல் வேர் பிடித்து மண்ணுக்குள் தண்டு ஓட்டத் தொடங்கும். அதற்குள் கயிறு மக்கும், மூங்கிலும் மக்கும். கடலில் குப்பையாக எதுவும் மிஞ்சாது. கஜா புயலில் தென்னையை இழந்து அழுத பேராவூரணிக்கும் பட்டுக்கோட்டைக்கும் தேங்காய் நார் அந்நியமா? நாற்றுப் பறித்து நடுவது டெல்டாவுக்கு யாராவது கற்றுத்தர வேண்டிய வேலையா? வயலில் முழங்கால் சேற்றில் நடப்பதை இங்கே தலைக்கு மேல் தண்ணீரில் செய்கிறார்கள். நட்டதெல்லாம் பிழைப்பதில்லை. நீரோட்டம் பிடுங்கும், கலங்கல் மூடும். மறுபடி நடுகிறார்கள்.

மக்களின் கைப்பழக்கத்திலிருந்து அறிவியல் கற்றுக்கொள்வது இந்தக் கரைக்குப் புதிதும் இல்லை. கிழக்கே முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு பெரும்பரப்பில் வெறுமையாகிப் போனதற்குக் கிராமத்து மக்கள் விறகு வெட்டியதுதான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோது கதை வேறாக இருந்தது. ஆங்கிலேயர் காலம் தொட்டு வனத்துறையே கூறு கூறாகக் காட்டை மொத்தமாக வெட்டி விற்றதில், வெயில் பட்டுத் தரை தாழ்ந்து, அலை நீர் தேங்கி, உப்பு ஏறி, விதை முளைக்காமல் போனது. அந்தச் சதுப்பில் மீன் பிடிக்கிறவர்கள் தங்கள் தேவைக்கு வெட்டிவைத்த வாய்க்கால்களின் ஓரத்தில் மட்டும் கன்றுகள் தழைத்திருந்தன. வாய்க்கால் வழியே நீர் ஏறி இறங்கியதால் உப்பு கழுவப்பட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் காட்டை மீட்கும் முறை பரவியது. கிராமங்களும் வனத்துறையும் கூட்டாகப் பொறுப்பேற்றன. குற்றவாளி என்று பெயர் வாங்கிய கைகள்தாம் மருந்தையும் வைத்திருந்தன.

இதே கடலோரத்துக்காகப் போராடிய இன்னொருவரையும் நினைக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் பக்கம் நெல் வயல்களை வாங்கிக் குளமாக்கி இறால் பண்ணைகள் பெருகின. நிலத்தடி நீர் உப்பானது, கூலி வேலை போனது, கழிவு நீர் வாய்க்கால் வழியே கடலுக்குப் போனது. நிலமற்ற உழவர்களுக்கு நிலம் பெற்றுத்தரும் லாஃப்டி இயக்கத்தை மனைவி கிருஷ்ணம்மாளோடு சேர்ந்து நடத்திய சர்வோதயத் தலைவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன், ஊர் ஊராக நடந்து சத்தியாகிரகம் செய்தார். உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். 1996 டிசம்பர் 11-இல் வந்த தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும், வேலை இழந்தவர்களுக்குச் சம்பளமும் தரச் சொன்னது. 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியது. நீதிமன்றத்தில் வென்றதைப் புதிய சட்டத்தால் இழக்கலாம் என்பதை டெல்டா அப்போதே பார்த்துவிட்டது. 448 சதுர கிலோமீட்டர் அறிவிக்கை வந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாததற்கு இந்த அனுபவம் ஒன்றே போதுமான காரணம்.

ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பவர்கள் உலக வரைபடத்தில் மூன்று இடங்களைப் பார்க்கலாம். 1741-இல் பெரிங் கடலில் ஸ்டெல்லர் என்ற இயற்கையியலாளர் ஆவுளியாவின் உறவான பிரமாண்டமான கடல் பசு ஒன்றைக் கண்டு எழுதினார். வேட்டைக்காரர்கள் பின்தொடர்ந்தார்கள். 27 ஆண்டுகளில், 1768-இல், அந்த இனமே முடிந்துபோனது. சீனாவின் கடற்பகுதியில் ஆவுளியா ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது என்று 2022 ஆகஸ்டில் ஆய்வறிக்கை வந்தது. அடுத்த மாதம்தான் தமிழ்நாடு தன் பாதுகாப்பகத்தை அறிவித்தது. மூன்றாவது இடம் டெல்டா விவசாயி ஊன்றிக் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் 2021 என்ற ஒரே ஆண்டில் ஆவுளியாவின் உறவினமான மானட்டிகள் 1,100 செத்தன. யாரும் வேட்டையாடவில்லை. இந்தியன் ரிவர் உப்பங்கழியில் ஊரிலும் நிலத்திலும் இருந்து வழிந்த உரச் சத்தால் நீரில் பாசி பெருகி, வெளிச்சத்தை மறைத்து, கடற்புல் மாண்டது. புல்லைத் தின்று வாழ்ந்தவற்றில் பல பட்டினியால் செத்தன.

பாக் விரிகுடா ஆழமற்ற கடல். அக்னியாறும் அம்புலியாறும் எண்ணற்ற வடிகால்களும் அதில்தான் வந்து விழுகின்றன. தஞ்சாவூர் வயலில் கூடுதலாகப் போட்ட யூரியாவும், இறால் பண்ணைக் கழிவும், ஊர்ச் சாக்கடையும் சேருமிடம் அது. ‘கடலில் வீணாகக் கலக்கும் காவிரி நீர்’ என்று ஒவ்வொரு வெள்ளத்துக்கும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. கடலுக்குப் போகிற நன்னீரும் வண்டலும் முத்துப்பேட்டை அலையாத்திக்கு உயிர், கழிமுக இறாலுக்கு உயிர். நீர் போவதைப் பற்றிக் கவலைப்படுகிற நாம் அந்த நீர் எதைச் சுமந்துகொண்டு போகிறது என்பதைப் பற்றி இதைவிடப் பல மடங்கு கவலைப்பட வேண்டும். வடிகால்களின் வாயில் நீரின் தரத்தைப் பருவந்தோறும் அளந்து ஊராட்சிகளின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது பெரிய செலவும் இல்லை.

அடுத்தது இழுவலை. விசைப்படகின் மடி கடலடியைச் சுரண்டிக்கொண்டே போகும்போது தாழையும் வேரோடு போகிறது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடும் பாக் விரிகுடாவில் உண்டு. இரட்டைமடிக்குத் தடை உண்டு. எல்லாம் இருந்தும் அண்மைக் கடலில் இழுப்பு ஓயவில்லை. விசைப்படகுகளைக் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. குறுகிய கடல், இலங்கையுடன் 1974, 1976-இல் செய்த ஒப்பந்தங்களால் வந்த எல்லைக்கோடு, கோட்டைத் தாண்டினால் கைது, படகு பறிமுதல். அந்தப் பக்கம் இலங்கை 2017-இல் இழுவலையையே தடை செய்துவிட்டது. வடக்கு மாகாணத்துத் தமிழ் மீனவர்கள் எங்கள் கடலடியை அழிக்காதீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதே 2017-இல் பாக் விரிகுடாவின் 2,000 இழுவலைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றுவதாகத் தொடங்கிய திட்டம் இலக்குக்கு அருகில்கூடப் போகவில்லை. கடன் சுமையும் ஆழ்கடல் பழக்கமின்மையும் தடுத்தன. ஆவுளியாவைக் காக்க வேண்டுமானால் இந்த மாற்றுத் திட்டத்தை மீனவர் தாங்கக்கூடிய விதத்தில் மறுபடி எழுதியாக வேண்டும். எல்லைக்கோடு தெரியாத அந்த விலங்கு தலைமன்னார்ப் பக்கமும் மேயும். கடற்பசுவைக் காக்கும் பன்னாட்டு உடன்பாட்டில் இந்தியா 2008-இலும் இலங்கை 2012-இலும் கையெழுத்திட்டிருப்பதால், இரண்டு நாட்டு மீனவர்களும் உட்கார்ந்து பேச மீன் பிரச்சினையைவிட இலகுவான ஒரு வாசல் திறந்தேயிருக்கிறது.

பாதுகாப்பகம் வந்தால் கடலுக்குள் போக விடமாட்டார்களோ என்ற அச்சம் கரையில் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. தேசியப் பூங்கா என்ற பெயரில் மன்னார் வளைகுடாத் தீவுகளை இழந்தவர்களின் அனுபவம் தொலைவில் நடந்ததில்லை. இங்கே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஏ பிரிவில் அறிவிக்கப்பட்டிருப்பது தேசியப் பூங்காவும் இல்லை, சரணாலயமும் இல்லை. உள்ளூர் மக்களைக் கலந்தபின் அரசு நிலத்தில் அல்லது நீர்ப்பரப்பில் ஏற்படுத்துகிற பாதுகாப்பகம். வெடி வைப்பது, நஞ்சு கலப்பது போன்றவை குற்றம். வழக்கமான மீன்பிடிப்பை அந்தப் பிரிவு தடுக்கவில்லை. இதை ஒவ்வொரு மீனவ ஊரிலும் எழுத்தில் ஒட்டிவைத்தால் வதந்திக்கு வேலை இருக்காது.

அதே சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. பாதுகாப்பகத்தை நடத்த ஆலோசனை சொல்லும் மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று 36பி பிரிவு சொல்கிறது. வனத்துறைப் பிரதிநிதி, எல்லைக்குள் வரும் ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் ஒருவர், வன உயிர்ப் பாதுகாப்பில் ஈடுபட்ட தன்னார்வ அமைப்புகளிலிருந்து மூவர், வேளாண்மைத் துறையிலிருந்து ஒருவர், கால்நடைத் துறையிலிருந்து ஒருவர். காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட பட்டியல். கடலுக்கான பாதுகாப்பகத்தில் மீன்வளத் துறைக்கே இடம் சொல்லப்படவில்லை. மீனவர் சங்கத்துக்கும் இல்லை. கரையில் மீன் பிரித்து, கருவாடு காயவைத்து, எந்த வலையில் என்ன வந்தது என்று முதலில் அறிகிற பெண்களுக்கும் இல்லை. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாநில அரசே ஓர் அரசாணையில் நிலையான அழைப்பாளர்களாக இவர்களைச் சேர்க்கலாம். ஊராட்சியின் சார்பில் வருகிறவர் கடலுக்குப் போகிறவராக இருக்கட்டும் என்று ஊராட்சிகளும் தீர்மானிக்கலாம்.

அறுத்த வலைக்கான இழப்பீட்டுக்கு இரண்டு மேற்குக் கரை மாநிலங்கள் வழி காட்டியிருக்கின்றன. குஜராத்தில் அம்மணி உழுவை என்கிற திமிங்கலச் சுறாவைக் கொன்று விற்ற ஊர்கள், 2004-இல் தொடங்கிய பிரசாரத்துக்குப் பிறகு வலையை அறுத்து விடத் தொடங்கின. அரசு வலைக்கு இழப்பீடு கொடுத்தது. ஆரம்பத்தில் வனத்துறை அதிகாரி படகேறி வந்து பார்க்கும்வரை சுறா வலையிலேயே கிடக்க வேண்டியிருந்தது. பிறகு மீனவர்களிடமே நீர் புகாத கேமராவைக் கொடுத்து, நீங்களே படமெடுங்கள், படமே சான்று என்றார்கள். நேரம் மிச்சமானது, உயிர்களும் மிஞ்சின. 900-க்கும் மேற்பட்ட சுறாக்கள் விடுவிக்கப்பட்டுள்ளன. மகாராஷ்டிரம் 2018 டிசம்பரில், பாதுகாக்கப்பட்ட கடல் உயிர்களை விடுவிக்க வலையை அறுத்தால் 25,000 ரூபாய் வரை தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் பாராட்டும் பரிசும் நடக்கின்றன. இந்திய வன உயிரின நிறுவனம் 2016 முதல் நடத்தும் கடற்பசு மீட்புத் திட்டத்தில் மீனவர்கள் தன்னார்வக் கண்காணிப்பாளர்களாக இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் தரப்படுகிறது. இவை நல்ல முயற்சிகள். பரிசு என்பது கொடுப்பவர் மனம் வைத்தால் வருவது. மேடையும் சால்வையும் உண்டு, அறுந்த வலையின் விலை அதற்குள் அடங்குமா என்பது அன்றன்றைய பாடு. இழப்பீடு என்றால் கேட்டு வாங்கும் உரிமை. செல்பேசியில் எடுத்த படம் சான்றாக ஏற்கப்பட வேண்டும். வலையின் அளவுக்கேற்பத் தொகை, சில நாட்களுக்குள் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். விலங்கு செத்த நிலையில் வலையில் வந்தாலும், தானாக முன்வந்து தகவல் சொன்னவர்மீது வழக்கு இல்லை என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஆவுளியா இருக்கிறது, எது எங்கே செத்தது என்ற உண்மையான கணக்கு அப்போதுதான் அரசுக்கே கிடைக்கும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யு.சி.என்.) 2025 அக்டோபரில் அபுதாபியில் கூட்டிய உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாட்டில் பாக் விரிகுடாவின் இந்தப் பாதுகாப்பகத்துக்கு அங்கீகாரம் கோரும் தீர்மானத்தை ஓம்கார் கொண்டுபோனது. நாடுகளும் அமைப்புகளும் பெருவாரியாக ஆதரித்து நிறைவேற்றின. ராஜாமடத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து போன குரலை ஐ.யு.சி.என். மன்றம் ஏற்றது டெல்டாவுக்கே பெருமை. அந்தப் பெருமையைத் தஞ்சாவூரின் கல்லூரிகளும் விவசாயச் சங்கங்களும் தங்களுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது வருத்தம் தருகிறது. மனோராவைச் சுற்றிச் சுற்றுலா வரும் பள்ளிப் பேருந்துகளில் எத்தனை ஆசிரியர்கள் எதிரே கிடக்கும் கடலைக் காட்டி இரண்டு வார்த்தை சொல்கிறார்கள்?

அந்த மனோராவில் பன்னாட்டுக் கடற்பசு பாதுகாப்பு மையம் அமைக்கத் தமிழ்நாடு அரசு முடிவெடுத்திருக்கிறது. கட்டடம் எழும், காட்சிக்கூடம் வரும், வெளிநாட்டு ஆய்வாளர்களும் வருவார்கள். வரட்டும். அங்கே படகோட்ட, மூழ்கிப் புல் நட, வருகிறவர்களுக்குக் கடலை விளக்க, கரையொதுங்கும் விலங்குகளைக் கவனிக்க ஆட்கள் தேவைப்படுவார்கள். ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியே வெளியூரிலிருந்து ஆளெடுக்காமல், சேதுபாவாசத்திரம் முதல் மணமேல்குடி வரையுள்ள ஊர்களில் வலையை அறுத்தவர்களின் வீடுகளிலிருந்தே அந்த வேலைகளுக்கு எடுக்க வேண்டும். அதற்கான பயிற்சியை மையத்தின் கட்டடப் பணி முடிவதற்கு முன்பே இந்த ஊர்களின் பள்ளிகளில் தொடங்கிவிடலாம்.